நாலாவது ஆளைப் பாருங்கள்: கல்லூரி கிராஸ் கன்ட்ரி அணியின் உதவிப் பயிற்சியாளருக்கு

கிராஸ் கன்ட்ரி என்றால் ட்ராக்கை விட்டு, புல், மண், மேடு பள்ளம் வழியாக ஓடும் நெடுந்தூர ஓட்டம். அதில் இரண்டு கல்லூரிகளின் முடிவுத்தாளை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் ஓடி, முன்னால் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டும் போட்டி. கூட்டுத்தொகை குறைந்த அணிக்குக் கோப்பை. முதல் கல்லூரிப் பையன்கள் வந்த இடங்கள் 1, 4, 15, 42. மொத்தம் 62. இரண்டாவது கல்லூரியில் முதல் எட்டு இடத்துக்குள் ஒருவர்கூட இல்லை: 9, 12, 16, 20. மொத்தம் 57. கோப்பை இவர்களுக்குப் போய்விட்டது. முதல் கல்லூரியின் நாலாவது பையன் இன்னும் ஐந்து பேரை முந்தி 37-ஆவதாக வந்திருந்தால் 57-க்கு 57. அப்போதும் தோல்விதான். உலகத் தடகள விதிப்படி சமநிலை வந்தால், எந்த அணியின் கடைசிப் புள்ளிக்காரர் முன்னால் வந்திருக்கிறாரோ அந்த அணிதான் ஜெயித்தது.

தலைமைப் பயிற்சியாளரின் கண், பெரும்பாலும் நம் ஊரில் அவர்தான் கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர், முதலில் ஓடுகிற பையன் மேல் இருக்கும். அது இயல்பு. அந்தப் பையன்தான் பல்கலைக்கழக அணிக்குப் போவான், பேப்பரில் படம் வரும். உதவிப் பயிற்சியாளரின் கண் மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை உள்ளவர்கள் மேல் இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

எத்தனை பேர் ஓடலாம், எத்தனை பேருக்குப் புள்ளி என்பது போட்டிக்குப் போட்டி மாறும். உலக கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்பில் ஆறு பேர் ஓடி நான்கு பேருக்குப் புள்ளி. அமெரிக்கக் கல்லூரிகளில் ஏழு பேர் ஓடி ஐந்து பேருக்குப் புள்ளி. அங்கே 2023-இல் மகளிர் தேசியப் பட்டத்தை நார்த் கரோலைனா ஸ்டேட் 123 புள்ளிகளில் எடுத்தது, நார்தர்ன் அரிசோனா 124-இல் விட்டது. ஒரு புள்ளி என்றால், கடைசி வளைவில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை முந்தியது. உங்கள் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை வந்த அன்றே நான்கு விஷயங்களைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள்: தூரம், அணியில் எத்தனை பேர், எத்தனை பேருக்குப் புள்ளி, பெயர் கொடுக்கும் கடைசித் தேதி. தனியாக ஓடுகிறவர்களின் இடத்தையும் சேர்த்து எண்ணுவார்களா, அணிகளை மட்டும் பிரித்து எண்ணுவார்களா என்று தெளிவாக இல்லையென்றால் போட்டிக்கு முன்பே ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள். முடிவு வந்தபின் கேட்டால் சண்டையாகத்தான் முடியும்.

தகுதிப் படிவங்கள் உங்கள் தலையில்தான் விழும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் கல்லூரி அடையாள அட்டையில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "எஸ்.முருகன்" ஒன்றில், "முருகன் சுப்பையா" இன்னொன்றில் இருந்தால் பதிவு மேசையில் நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் மூன்று செட் ஜெராக்ஸ், ஆறு புகைப்படம். ஜூலையிலேயே இதை முடித்தால் போட்டி வாரத்தில் முதல்வர் அறை வாசலில் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஓ.டி. (ஆன் டியூட்டி, போட்டிக்குப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடச் சொல்லும்) கடிதத்தை ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். 75 சதவீத வருகைக் கணக்கு நவம்பரில் வரும்போது அந்த நகல்தான் பையனைக் காப்பாற்றும்.

ஜூன் மாதத்துக் கால் வலி

ஏப்ரல், மே இரண்டு மாதமும் பெரும்பாலான மாணவர்கள் ஊரில் இருப்பார்கள். வெயில், கல்யாணம், கோயில் கொடை, வயல் வேலை. ஓட்டம் நின்றிருக்கும். ஜூன் மூன்றாம் வாரம் கல்லூரி திறக்கும், ஆகஸ்டில் போட்டி என்று பதறி, வந்த முதல் நாளே பழைய பயிற்சியைக் கொடுப்பார்கள். ஜூலை பாதியில் அணியில் பாதிப்பேருக்கு முழங்காலுக்குக் கீழே கணைக்கால் முன்னெலும்பில் வலி. இது வருடா வருடம் நடக்கும், வருடா வருடம் "பசங்களுக்குத் தெம்பு இல்லை" என்று பழி போடுவார்கள். நுரையீரலும் இதயமும் மூன்று நான்கு வாரத்தில் திரும்பி வந்துவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் அதைவிட நாள் வேண்டும். மூச்சு வாங்காததால் பையன் வேகமாக ஓடுகிறான், கால் அதற்குத் தயாராக இல்லை.

முதல் நான்கு வாரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் வாரம் ஐந்து நாள், தலா 30 நிமிடம், பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். இரண்டாம் வாரம் 40 நிமிடம். மூன்றாம் வாரம் ஆறு நாள், அதில் ஒரு நாள் 60 நிமிடம். மூன்றாம் வாரத்திலிருந்து ஈஸி ரன் முடிந்ததும் புல்லில் 80 மீட்டர் ஸ்ட்ரைட் (முழு வேகம் இல்லாமல் எட்டை நீட்டி ஓடுவது) ஆறு. நான்காம் வாரம் குறைத்து, மூன்றாம் வாரத்தின் முக்கால்வாசி. அதன் பிறகுதான் ஸ்டாப்வாட்ச் பையிலிருந்து வெளியே வர வேண்டும்.

யாராவது ஊரிலும் ஓடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புங்கள், ஆனால் முதல் வாரத்தை எல்லோரோடும் ஓட வையுங்கள். உண்மையாகவே ஓடியவனுக்கு அதனால் நஷ்டமில்லை.

வாரப் பயிற்சியில் உங்கள் பங்கு

பயிற்சித் திட்டம் எழுதுவது தலைமைப் பயிற்சியாளர். அவர் 1000 மீட்டர் ஆறு முறை என்று எழுதியிருந்தால், பையன்கள் நன்றாக ஓடுகிறார்கள் என்று நீங்கள் எட்டாக்கக் கூடாது. குறைப்பதற்கு மட்டும் உங்களுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருங்கள்: நொண்டுகிறவனையும் தலை சுற்றுகிறவனையும் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்று. இதைச் சீசன் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். மாணவர்கள் முன்னால் இரண்டு பயிற்சியாளர்கள் வாதாடினால், அடுத்த நாளிலிருந்து யாரிடம் கேட்டால் ஓய்வு கிடைக்கும் என்று பையன்கள் கணக்குப் போடுவார்கள்.

10 கிலோமீட்டரை 36 நிமிடத்தில் ஓடுகிற பையனை வைத்துச் சொல்லலாம். போட்டி வேகம் கிலோமீட்டருக்கு 3:36. அவனுக்கு ஈஸி ரன் 4:50 முதல் 5:20. டெம்போ 3:48-ஐ ஒட்டி, 20 முதல் 25 நிமிடம் தொடர்ச்சியாக. இன்டர்வல் என்றால் 1000 மீட்டர் ஐந்து, ஒவ்வொன்றும் 3:25 முதல் 3:30, நடுவே இரண்டரை நிமிடம் மெதுவான ஓட்டம். லாங் ரன் 16 முதல் 18 கிலோமீட்டர். வாரத்துக்கு மொத்தம் 65-இலிருந்து 80. ஒரு நாள் முழு ஓய்வு. கடினமான நாள் வாரத்துக்கு இரண்டு, லாங் ரன்னையும் சேர்த்தால் மூன்று. 44 நிமிடம் ஓடுகிற பெண்ணுக்குப் போட்டி வேகம் 4:24. அதிலிருந்து இதே இடைவெளிகளைக் கொஞ்சம் விரித்துக்கொள்ளுங்கள்.

மேடு இருக்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 60 முதல் 90 விநாடி ஏறுகிற சரிவில் எட்டு முறை, இறக்கத்தில் நடை. தஞ்சாவூர் மாதிரி சமதளத்தில் இருப்பவர்களுக்கு ஏரிக்கரையோ ஆற்றின் கரைமேடோ கிடைக்கும். 15 மீட்டர் நீள ஏற்றம்தான், ஆனால் வளைந்து வளைந்து 20 முறை ஏறலாம். கடற்கரை மணலை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தளர்ந்த மணலில் குதிகால் உள்ளே போய் குதிகால் தசைநார் இழுபடும்.

இந்தத் திட்டம் எங்கே கெடும் தெரியுமா? ஈஸி நாளில். முதல் பையனுக்கு ஒரு ஈஸி வேகம் இருக்கும். நாலாவது பையனுக்கு அதே வேகம் ஈஸி கிடையாது, கடினம். இவன் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஒட்டிக்கொண்டே ஓடுவான். வாரத்தில் நான்கு நாள் இப்படி ஓடினால் வியாழக்கிழமை இன்டர்வலில் கால் எழாது. "தம்பிக்குக் கடின நாளில் மனசு இல்லை" என்பார்கள். மனசெல்லாம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமையே செலவழித்துவிட்டான். ஈஸி நாளில் அணியை இரண்டாகப் பிரித்து, பின்குழுவோடு நீங்கள் சைக்கிளில் போங்கள். முன்குழு எங்கேயும் ஓடிப் போகாது.

மைதானத்தில் நிற்கும்போது எழுதும் தாள் ஒன்று வேண்டும், ஃபோன் போதாது. வியர்வைக் கையில் ஃபோன் திரை கேட்காது. அட்டையில் செருகிய தாள், பென்சில். மழையில் பேனா மை கரையும், பென்சில் எழுதும். இடப்பக்கம் பெயர்கள், மேலே சுற்று எண்கள். கடைசிக் கட்டத்தில் வார்த்தை எழுதுங்கள்: "தோள் தூக்கல்", "இடது பாதம் வெளியே", "பேசவில்லை". இரண்டு வாரம் கழித்து இந்த வார்த்தைகள்தான் நேரத்தைவிட அதிகம் சொல்லும்.

தூரத்தை அளப்பதில் ஒரு எச்சரிக்கை. கைக்கடிகார ஜி.பி.எஸ். சிறு சுற்றுகளிலும் மரத்தடியிலும் கூட்டியோ குறைத்தோ காட்டும். ஒரு சைக்கிள் டயரில் வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டு, 400 மீட்டர் ட்ராக்கின் முதல் லேனில் உள்விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி அப்படியே தள்ளிக்கொண்டு போய் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் பயிற்சிப் பாதையை அளந்தால் போதும். டயரில் காற்று அன்றைக்கு இருந்த அளவிலேயே இருக்க வேண்டும்.

"நல்லாருக்கு மாஸ்டர்"

"கால் எப்படிடா இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்லாருக்கு மாஸ்டர்." அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். கேள்வியை மாற்றுங்கள். "காலைல எழுந்து முதல் அஞ்சு எட்டு எப்படி இருந்துச்சு?" "ஹாஸ்டல் படி இறங்கும்போது எந்தக் காலை முதல்ல வைக்கிற?" வலி இருப்பவன் இதற்கு யோசிப்பான். அந்த யோசனையே பதில்.

கணைக்கால் முன்னெலும்பில் வலி என்றால் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையை நீளவாக்கில் தடவி "இங்கேயிருந்து இங்கே வரை" என்றால், ஓடத் தொடங்கும்போது இருந்து சூடானதும் குறைகிறதென்றால், பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட். ஓட்டத்தைப் பாதியாக்கி, கடினத் தரையை விட்டுப் புல்லுக்கு மாற்றி, கெண்டைக்கால் பயிற்சி கொடுத்தால் சரியாகும். ஒற்றை விரல் நுனியால் ஒரே இடத்தை அழுத்தி "இங்கே மாஸ்டர்" என்றால், ஒற்றைக் காலில் குதித்தால் அந்த இடம் சுரீரென்றால், ராத்திரி படுத்தாலும் வலித்தால், அன்றோடு ஓட்டம் நிறுத்தம். எலும்பில் முடி அளவு விரிசல் இருக்கலாம். எக்ஸ்ரே முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எதையும் காட்டாமல் போவதுண்டு. "எக்ஸ்ரே நார்மல், ஓடலாம்" என்று வந்து நின்றால் ஏமாந்துவிடாதீர்கள். எலும்பு மருத்துவர் சொல்லும்வரை நடையும் நீச்சலும்தான்.

பெண்கள் அணியில் வேகம் திடீரென்று குறைந்தால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் சோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கிறது. மாத்திரை எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது, மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்குகிறார்களா என்று. விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சைச் சாறோடு போடச் சொல்லுங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் ஓட்டத்துக்கேற்ற சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்று அர்த்தம் கொள்ளலாம், மருத்துவரிடம் போக வேண்டும். இதைக் கேட்க அணிக்கு ஒரு பெண் ஆசிரியரோ பெண் பயிற்சியாளரோ இருந்தே ஆக வேண்டும். ஆண் பயிற்சியாளர் மட்டும் இருக்கிற அணியில் இந்தச் செய்தி எலும்பு முறிந்த பிறகுதான் வெளியே வரும்.

சாப்பாடு பற்றி நீளமாக எழுதலாம், ஆனால் கல்லூரி அணிகளின் பிரச்சினை ஒன்றுதான்: பயிற்சி 7 மணிக்கு முடியும், மெஸ் 7:45-க்குத் திறக்கும், முதல் வகுப்பு 9 மணிக்கு. தினமும் பஸ்ஸில் வரும் மாணவருக்கு அந்த மெஸ்ஸும் இல்லை. ஓடி முடித்தவன் பதினொன்றரை மணி வரை டீயோடு நிற்பான். மைதானத்திலேயே ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு அவித்த முட்டை அல்லது ஒரு கை வேர்க்கடலை கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். கல்லூரி விளையாட்டு நிதியில் புது ஜெர்சி வாங்குவதைவிட இதற்குச் செலவழிப்பது மேல்.

மருந்து விஷயத்தில் ஒரு முக்கியமான இடம், பலரும் கவனிக்காதது. நம் மருந்துக் கடைகளில் சளி, இருமலுக்குச் சாதாரணமாகத் தருகிற பல சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கும். அது உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் எல்லா நேரமும் தடை செய்யப்பட்ட பொருள். மூக்கடைப்பு மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரினுக்குப் போட்டி நாளில் அளவு வரம்பு உண்டு. வீக்கத்துக்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் போட்டிக் காலத்தில் தடை. "தெரியாமல் குடித்தேன்" என்பதைத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை விளக்கமாகக் கேட்கும், ஆனால் அதற்குள் சீசன் போய்விடும். விதி எளிது: எந்த மருந்தாக இருந்தாலும் அட்டையைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் விழுங்க வேண்டும். ஜிம்மில் விற்கிற பவுடர் டப்பாக்களுக்கும் இதேதான்.

வெயில்

காலை 5:15-க்கு வார்ம் அப், 5:35-க்கு ஓட்டம், 6:45-க்குள் கடினமான பகுதி முடிந்திருக்க வேண்டும். சென்னை, திருச்சி, வேலூர் பக்கம் இதில் சலுகை கிடையாது. மாலைப் பயிற்சி என்றால் ஐந்தரைக்குப் பிறகு. கடற்கரை ஊர்களில் வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடல் குளிராது.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க ஒரு எடை மெஷின் மைதானத்தில் வையுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்ட பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலம். அரை டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் வயிறு கலங்கும். அட்டைப் பெட்டியில் வந்த இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விற்றதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்தது. எடை கூடிப்போய்த் திரும்பினால் அதிகமாகக் குடித்திருக்கிறான், அதுவும் ஆபத்து.

ஓடிக்கொண்டிருந்தவன் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசினால், அல்லது விழுந்துவிட்டால், வியர்வை நின்றதா என்று சோதித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஓடும்போது வருகிற வெப்பத் தாக்குதலில் உடம்பு நனைந்தே இருக்கும். 108-ஐ ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்க வேண்டும். பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் தண்ணீர் இருந்தால் கழுத்துவரை உட்கார வைத்துத் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டப் இல்லையென்றால் ஈரத் துணிகளைத் தலை, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, உடம்பெங்கும் மாற்றி மாற்றிப் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஆம்புலன்ஸ் வந்த பிறகு குளிர்விக்கலாம் என்று காத்திருக்கும் நேரம்தான் உயிரை எடுப்பது. நினைவு தெளிவாக இல்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பாதையைப் பார்க்கப் போவது

போட்டிக்கு முந்தைய நாள் பாதையை நடந்து பார்க்க வேண்டும். உலகத் தடகள விதி ஒரு சுற்றை 1500 முதல் 2000 மீட்டருக்குள் அமைக்கச் சொல்கிறது. நம் போட்டிகளில் கல்லூரி வளாகம், பக்கத்துத் தோப்பு, கொஞ்சம் தார்ச்சாலை எல்லாம் கலந்து வரும். அணியோடு ஒரு சுற்று நடங்கள், பிறகு நீங்கள் மட்டும் தனியாக இன்னொரு சுற்று. பார்க்க வேண்டியது: புறப்பட்டு முதல் வளைவு எத்தனை மீட்டரில், அது எவ்வளவு குறுகல். 150 பேர் ஓடி 200 மீட்டரில் இரண்டாள் அகல வாசலுக்குள் நுழைய வேண்டியிருந்தால் முதல் 200 மீட்டரை வேகமாக ஓடியே ஆக வேண்டும். 800 மீட்டர் திறந்த மைதானம் இருந்தால் அவசரம் தேவையில்லை. இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

தரையைக் கையால் தொட்டுப் பாருங்கள். காய்ந்த செம்மண்ணுக்கு 6 மில்லிமீட்டர் ஸ்பைக், புல்லுக்கு 9, ஐப்பசி மழையில் சேறாகிவிட்டால் 12 அல்லது 15. கெட்டித் தரையில் நீள ஸ்பைக் போட்டால் பாதம் தூக்கியே நிற்கும், மறுநாள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். பாதையில் தார்ச்சாலை கால்வாசிக்கு மேல் இருந்தால் ஸ்பைக்கே வேண்டாம். வெறுங்காலோடு ஓடவும் விதி இடம் தருகிறது, நம் பையன்கள் பலர் அப்படித்தான் நன்றாக ஓடுவார்கள். ஆனால் நெருஞ்சி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பூத்து முடிந்த நெருஞ்சி தரையோடு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வளைவுகளின் ஓரமாக நடந்து, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கயிறோ கொடியோ எந்தப் பக்கம் என்பதைப் பையன்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்த புதுக்கோட்டை ஜி. லட்சுமணன், கால் ட்ராக்கின் உள்கோட்டைத் தாண்டியதால் வெண்கலத்தை இழந்தார். கிராஸ் கன்ட்ரியில் கொடியைச் சுற்றாமல் குறுக்கே போனாலும் இதே கதிதான், அணியின் கணக்கும் சேர்ந்து போகும்.

போட்டி நாள்

காலை 7 மணிக்கு ஓட்டம் என்றால் 4:15-க்கு எழுப்பி, நான்கரைக்குள் மூன்று இட்லி, கொஞ்சம் சர்க்கரையோ தேனோ. சாம்பார் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு. நெய்ப்பொங்கல், பூரி, தேங்காய்ச் சட்னி எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு. அந்த நேரத்துக்கு இட்லி எங்கே கிடைக்கும் என்பதை முந்தைய நாள் மாலையே கடையில் பேசி முன்பணம் கொடுத்துவையுங்கள். கிடைக்காவிட்டால் ரொட்டியும் பழமும். 6 மணிக்கு இன்னொரு வாழைப்பழம் வேண்டுகிறவர்களுக்கு. போட்டி நாளில் புதிதாக எதையும் தின்னவோ போடவோ கூடாது, புது சாக்ஸ் உட்பட.

பையில் 50 ஊக்கு (ஒரு செஸ்ட் நம்பருக்கு நான்கு வேண்டும், மற்ற கல்லூரிகளும் உங்களிடம்தான் கேட்கும்), ஸ்பைக் ஸ்பானர், ஒட்டு டேப், கத்தரி, வாசலின், சானிட்டரி நாப்கின், இரண்டு ஸ்டாப்வாட்ச், ஈரக் காலணிக்குள் திணிக்கப் பழைய பேப்பர், உட்காரத் தார்ப்பாய்.

ஓட்டத்துக்கு 50 நிமிடம் முன்பு 12 நிமிட மெதுவோட்டம். பிறகு கால் வீச்சு, 80 மீட்டர் நான்கு. 15 நிமிடம் முன்பு ஸ்பைக் மாற்றி, முடிச்சு இரட்டையா என்று நீங்களே பாருங்கள். பெரிய போட்டிகளில் ஐந்து நிமிடம், மூன்று நிமிடம், ஒரு நிமிடம் என்று அறிவிப்பார்கள். அணிக்கு ஒதுக்கிய இடத்தில் ஒருவர் பின் ஒருவராக வரிசை. முதல் வரிசையில் யார் என்பது முந்தைய இரவே முடிவாகியிருக்க வேண்டும்.

துப்பாக்கி வெடித்த பிறகு நீங்கள் நிற்க வேண்டிய இடம் ஃபினிஷ் லைன் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் அங்கே இருப்பார். பாதையின் இரண்டு பகுதிகள் நெருங்கி வருகிற ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒரு சுற்றில் இரண்டு முறை பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் உங்கள் நாலாவது ஆள் எத்தனையாவது இடம் என்று எண்ணி எழுதுங்கள், எதிரணியின் நாலாவது ஆளையும். கத்திச் சொல்ல வேண்டியது ஐந்து வார்த்தைக்குள்: "முன்னாடி நீல ஜெர்சி, ரெண்டு பேர்." "வா வா வா" என்று கத்துவதில் அவனுக்கு ஒரு தகவலும் இல்லை. கூடவே ஓடாதீர்கள். வெளியாள் பக்கத்தில் ஓடி வேகம் கொடுத்தால் உதவி என்று கருதி ஓடுகிறவனைத் தகுதிநீக்கம் செய்யலாம். குறித்த இடம் தவிர வேறு எங்கும் தண்ணீர் நீட்டுவதும் அப்படியே.

ஐந்து சுற்று, சுற்றுக்கு 2 கிலோமீட்டர் என்ற பாதையில் நாலாவது பையனின் தாள் இப்படி வரும்: 6:50, 7:14, 7:32, 7:41, 7:23. மொத்தம் 36:40. கடைசிச் சுற்றில் 18 விநாடி வேகம் திரும்பியிருக்கிறது, ஆக உடம்பில் சரக்கு இருந்தது. தப்பு நடந்தது முதல் சுற்றில், முன்னணிப் பையனோடு ஒட்டிக்கொண்டு போனதில். சுற்றுக்கு 7:15 வீதம் ஓடியிருந்தால் 36:15. நடுவில் ஓடுகிற கூட்டத்தில் அந்த 25 விநாடிக்குள் பத்துப் பேர் இருப்பார்கள். அணிக்குப் பத்துப் புள்ளி. இந்தத் திருத்தம் போட்டி நாளில் வராது. அதற்கு முந்தைய ஆறு வாரம், இன்டர்வலின் முதல் 1000-ஐ மற்றவற்றைவிட மூன்று விநாடி மெதுவாக ஓடப் பழக்க வேண்டும். முதல் 1000-ஐ வேகமாக ஓடினால் அதைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி ஓட வைத்துவிடாதீர்கள், அது தண்டனை. அன்றைக்கு ஒன்றைக் குறைத்து நிறுத்துங்கள். பையனுக்கு அதைவிட உறைக்கிறது வேறில்லை.

முடிவுத்தாள் ஒட்டியதும் படம் எடுத்துக்கொண்டு, உங்கள் ஆறு பேரின் செஸ்ட் நம்பரையும் இடத்தையும் உங்கள் தாளோடு சரிபாருங்கள். மழையிலும் சேற்றிலும் நம்பர் மறைந்து ஒருவர் விட்டுப்போவது சகஜம். புள்ளியைக் கையால் நீங்களும் ஒருமுறை கூட்டுங்கள். உலகத் தடகள விதியில், முடிவு அதிகாரபூர்வமாக அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபத்தைக் கொடுக்க வேண்டும். முதல் ஆட்சேபம் நடுவரிடம் வாய்மொழியாக, அதற்கு மேல்முறையீடு என்றால் எழுத்தில், கையெழுத்தோடு. வெள்ளைத்தாள் நாலைந்து பையில் இருக்கட்டும்.

பஸ் ஏறுவதற்கு முன் தலை எண்ணுங்கள். ஸ்பைக்கைக் கழற்றி மண்ணைத் தட்டி, ஆணிகளை அன்றே பிரித்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் துருவேறி ஸ்பானர் பிடிக்காது. மறுநாள் புல்லில் 30 நிமிடம் மெதுவோட்டம், முடிந்ததும் ஐந்தாவது, ஆறாவது பையன்களோடு உட்கார்ந்து அந்தத் தாளைக் காட்டுங்கள். அடுத்த வருடம் முதல் மூன்று பேரில் யாராவது ஃபைனல் இயர் முடித்துப் போயிருப்பார்கள்.